கடைக்குள் மீனாக ஓடியவர்

சின்னவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தலை முழுக்க நரை. ஆனாலும் கடைத்தெருவில் எல்லோருக்கும் அவர் சின்னவர்தான். காரணம், பெரியவர் என்று ஒருவர் இருக்கிறார். பெரியவர் அவருடைய அண்ணன், தூண்டில் கடையின் முதலாளி. நான் பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரி. மூக்குக் கண்ணாடி விற்கிறவள். எங்கள் இரண்டு கடைக்கும் நடுவே இருப்பது ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். அதனால் நான் சொல்லப்போவதை ஒட்டுக்கேட்ட கதை என்று யாரும் சொல்ல வேண்டாம். எனக்குக் காது இருக்கிறது, கேட்டது. அவ்வளவுதான்.

தூண்டில் கடை ரயில் பெட்டி மாதிரி நீளம், அகலம் கிடையாது. இரண்டு பக்கமும் தூண்டில் கம்புகள் வரிசையாக நிற்கும். கண்ணாடி அலமாரிக்குள் தூண்டில் நரம்பு சுற்றுகிற ரீல்கள். எதிர்ப் பலகையில் பொய் இரைகள் தொங்கும்: ரப்பர் தவளை, ரப்பர் புழு, கரண்டி மாதிரி பளபளக்கும் தகடு, வர்ணம் பூசிய மரக்குஞ்சு மீன். உள்ளே நுழைந்தால் ரப்பரும் மெஷின் எண்ணெயும் கலந்த ஒரு வாடை. கடைசியில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் விற்காத நீளக் கம்புகளும் அட்டைப் பெட்டிகளும், அவற்றுக்கு நடுவே ஒரு கட்டிலும். அந்தக் கட்டில் சின்னவருடையது. அவர் புரண்டு படுத்தால் முழங்கை இடித்துக் கம்புகள் கலகலவென்று ஆடும். ஜன்னல் ஒன்று உண்டு. அதைத் திறந்தால் பின் சந்து, சந்து முடிகிற இடத்தில் ஒரு செங்கல் சுவர்.

மாடியில் பெரியவர் குடும்பம். சாப்பாடு அங்கிருந்து வரும். அப்பா போன பிறகு பெரியவர்தான் தம்பியைக் கூட்டிவந்தார். "ரெண்டு மாசம் கூடமாட இருடா, அப்புறம் உனக்கு ஒரு வழி பண்றேன்" என்று சொல்லிக் கூட்டிவந்ததாகக் கேள்வி. அந்த இரண்டு மாதம் இன்னும் முடியவில்லை.

சின்னவர் கம்பு தேர்ந்து கொடுக்கிற அழகைச் சொல்லியாக வேண்டும். யாராவது வந்து, இருப்பதிலேயே ஒசத்தியானதை எடுங்கள் என்பார்கள். சின்னவர் எடுக்க மாட்டார். கையை நீட்டுவார். வந்தவர் குழப்பத்தோடு கை குலுக்குவார். அந்தக் குலுக்கலிலேயே மணிக்கட்டு எவ்வளவு தாங்கும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு கேள்விகள். கரையில் நின்று வீசுவீர்களா, படகிலா? பின்னால் மரம் இருக்குமா? கெண்டையா, கெளுத்தியா, விராலா? எவ்வளவு நேரம் பொறுமையாக இருப்பீர்கள்? கடைசிக் கேள்விக்கு யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள், ஆனால் சொல்கிற விதத்தைப் பார்த்து அவர் முடிவு பண்ணிவிடுவார். அவசரக்காரருக்குத் தகடு, அதைச் சும்மா வீசி வீசிச் சுற்றிக்கொண்டே இருக்கலாம். நிதானமானவருக்கு ரப்பர் புழு. பின்னால் மரம் இருந்தால் குட்டைக் கம்பு. கெண்டைக்கு நுனி வளைகிற கம்பு, விராலுக்கு விறைப்பான கம்பு.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. கம்பில் ரீலை மாட்டி, நரம்பை வளையங்கள் வழியாகக் கோத்து, கம்பை வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட்டு, நரம்பின் நுனியைத் தன் உள்ளங்கையில் சுற்றிக்கொள்வார்.

"இப்ப நான்தான் மீன்."

சொல்லிவிட்டு ஓடுவார். ஐம்பது வயது ஆள், கடையின் நீளத்துக்கு. கெண்டை என்றால் நேராகத் திரை வரைக்கும் ஒரே ஓட்டம். "விட்டுக் குடுங்க, விட்டுக் குடுங்க, ரீல்ல இருக்கிற திருகைக் கொஞ்சம் தளர்த்துங்க. நான் களைச்சதும் சுத்துங்க." கெளுத்தி என்றால் உட்கார்ந்த இடத்தில் பாறாங்கல் மாதிரி உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டுவார். விரால் என்றால் பாய்ந்துபோய் மேஜைக்கு அடியில் நுழைந்துகொண்டு அங்கிருந்து குரல் கொடுப்பார். "நான் புல்லுக்குள்ள போயிட்டேன் பாருங்க. இனி நான் வரமாட்டேன். விரால்னா ஒரு நொடி கூட சுத்தறதை நிறுத்தக் கூடாது. நரம்பு தளர்ந்துச்சு, தூண்டில் முள்ளைத் துப்பிட்டுப் போயிடும்."

நான் கண்ணாடிக்கு வில்லை பொருத்துவதை விட்டுவிட்டுப் பலகை இடுக்கு வழியாகப் பார்ப்பேன். வாடிக்கையாளர்கள் சிரித்துச் சிரித்து வாங்கிக்கொண்டு போவார்கள். "சின்னவர் நல்லா ரீல் விடுவார்" என்று கடைத்தெருவில் ஒரு கேலி. அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இதில் என்ன கொடுமை என்றால், அவர் ஏரிக்குப் போனதே கிடையாது. பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம் கூட ஆகாது. ஆனால் ஊரில் எல்லோரும் மீன் பிடிக்கப் போவது ஞாயிற்றுக்கிழமை. போகிற வழியில், விடிவதற்குள் வந்து புழுவும் முள்ளும் வாங்குவார்கள். வாங்கிக்கொண்டு பெரியவரையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். பெரியவர் ஏரிக்கரையில் பெரிய ஆள். அவர் இல்லாமல் ஞாயிறு கிடையாது. ஆக, கடையைப் பார்க்கிறவர் சின்னவர். மற்ற நாட்களில் பெரியவர் சரக்கெடுக்கப் போவார், அல்லது மாடியில் ஓய்வெடுப்பார். அப்போதும் கடையைப் பார்க்கிறவர் சின்னவர்.

சாயங்காலம் திரும்பி வருகிறவர்களிடம் சின்னவர் கேட்டுக்கொண்டே இருப்பார். எது கடித்தது, எந்த இடத்தில், வெயில் எப்படி, தண்ணீர் தெளிவா கலங்கலா? அவர்கள் சொல்லச் சொல்ல அவர் தலைக்குள் ஓர் ஏரி நிரம்பியது. மூழ்கிய மரம் எங்கே, அல்லி எந்த மூலையில், எந்தக் கரை சரிவு என்று பார்க்காமலே சொல்வார். ஏரியில் நின்றுகொண்டு பெரியவர் ஃபோன் பண்ணுவார். "டேய், தண்ணி பச்சையா இருக்குடா, எதைப் போடறது?" முதல் மணி அடிக்கும்போதே இவர் எடுத்திருப்பார். "மஞ்சள் தகடு போடுங்கண்ணா, அந்தப் பாறைக்கு இடது பக்கம்." மீன் மாட்டும். பெரியவர் சிரிப்பு ஃபோனுக்கு வெளியே எனக்கே கேட்கும்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. சின்னவரிடம் நேராகவே கேட்டேன்.

"ஒரு ஞாயித்துக்கிழமை கடையை மூடிட்டுப் போனா என்ன, குடி முழுகிப் போயிடுமா?"

"ஞாயித்துக்கிழமைதானே அக்கா வியாபாரமே."

"அப்ப ஆசையே இல்லையா உங்களுக்கு?"

அவர் ஒரு ரீலைப் பிரித்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பல் சக்கரத்தைத் துணியில் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி துடைத்தார். துணியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஒரே ஒரு தடவை அந்தப் பக்கத்துல இருந்து இழுக்கணும் அக்கா. மீன் பெரிசா இருக்க வேணாம். கொண்டுவரக்கூட வேணாம். உசிரோட இருக்கிற ஒண்ணு என் கையைப் பிடிச்சு இழுக்கணும். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியணும். எல்லாருக்கும் அதைத்தான் விக்கிறேன், எனக்குத் தெரியாது."

அன்றைக்கு ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பொருமினேன். "உனக்கென்ன வந்தது" என்றார் அவர். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, கோபம் வந்தது. பெரியவர் கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவர் கெட்டவரே இல்லை. தம்பிக்குக் காய்ச்சல் என்றால் தானே கஞ்சி கொண்டுவருவார். புதுச் சட்டை எடுத்தால் இரண்டாக எடுப்பார். "என் தம்பி இல்லாட்டி நான் ஒண்ணுமே இல்லை" என்று வருகிற போகிறவர்களிடம் எல்லாம் சொல்வார், மனசாரச் சொல்வார். அந்தப் பாசத்தில் எந்த இடத்தில் கத்தி வைத்து அறுப்பது? சின்னவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் பெரியவர் மாடிப்படியில் வழுக்கித் தோளைப் பிசகிக்கொண்டார். கொஞ்ச நாளைக்குக் கையைத் தூக்கக் கூடாது, வீசவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் பெரியவரே கடையில் வந்து உட்கார்ந்து, சாதாரணமாகச் சொன்னார்.

"இந்த ஞாயித்துக்கிழமை நீ போயிட்டு வாடா. கடையை நான் பாத்துக்கறேன்."

பலகைக்கு இந்தப் பக்கம் என் கையில் இருந்த வில்லை கீழே விழுந்தது. நல்ல வேளை, உடையவில்லை.

அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்கச் சின்னவர் தனக்கு ஒரு கம்பு தேடினார். யாருக்கு வேண்டுமானாலும் ஒரு கை குலுக்கலில் எடுத்துக் கொடுக்கிற மனுஷன், தனக்கென்று வந்ததும் திணறிப்போனார். ஒரு கம்பை எடுப்பார், ஆட்டிப் பார்ப்பார், வைப்பார். இது அந்த வங்கிக்காரர் கைக்கு ஏற்றது என்பார். இது உயரமானவர்களுக்கு என்பார். எல்லாக் கம்புக்கும் அவர் மனசில் யாரோ ஒரு சொந்தக்காரர் இருந்தார். ரீல்களும் அப்படியே. பெரிசு கனக்கும், சிறிசு விராலுக்குத் தாங்காது. பொய் இரைப் பலகை முன்னால் நின்றால் சாப்பாடு ஆறிப்போகும். மாடியிலிருந்து அண்ணி குரல் கொடுப்பார். "தம்பி, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கக்கூட இவ்வளவு நேரம் ஆகாது." அவருக்குத்தான் பெண்ணே பார்க்கவில்லையே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் நான் போய்க் கையை நீட்டினேன்.

"என்ன அக்கா?"

"கை குடுங்க. இன்னைக்கு நான் கடைக்காரி. எங்க நின்னு வீசுவீங்க?"

"தெரியாதே."

"பின்னால மரம் இருக்குமா?"

"அல்லி மூலைல நின்னா ஒரு மரம் இருக்கு, வடக்குப் பக்கம்." அதை மட்டும் பட்டென்று சொன்னார்.

"எவ்வளவு நேரம் பொறுமையா இருப்பீங்க?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்கு நான் பதில் எழுதி வாங்க வேண்டியதில்லை.

அல்லி மூலை என்றால் விரால். விரால் என்றால் குட்டையான, விறைப்பான கறுப்புக் கம்பு. அதற்கு நடுத்தர ரீல், பின்னல் நரம்பு, ரப்பர் தவளை. அவரே வாய்விட்டுச் சொல்லச் சொல்ல எல்லாம் தானாக வந்து நின்றது. உபரியாக ஒரு தகடும் ஒரு மரக்குஞ்சு மீனும். அவற்றைப் போட்டுவைக்க நான் ஒரு காலி மூக்குக் கண்ணாடிப் பெட்டி கொடுத்தேன்.

ரீலின் திருகைச் சரிபார்க்க வேண்டுமே. கடையில் மீனாக ஓடுகிறவர் அவர் ஒருவர்தான். வேறு வழியில்லாமல் நான் மீனானேன். அறுபது வயதில், முழங்கால் வலியோடு, நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு திரை வரைக்கும் ஓடினேன். திரும்புகிற இடத்தில் என் சேலைத் தலைப்பு பொய் இரைப் பலகையில் மாட்டிக்கொண்டது. நாலைந்து தவளைகள் என் மேல் தொங்கின. சின்னவர் கம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பெரியவர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "நல்ல விராலாத்தான் பிடிச்சிருக்கே" என்றார். நான் அவரை ஒரு முறை முறைத்தேன். ஆனால் சின்னவர் அப்படிச் சிரித்து நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் அவரோடு போனேன். என் கடைக்கு அன்று விடுமுறை விட்டுவிட்டேன். போவதற்கு எனக்கு ஒரு காரணமும் இல்லை, அவர் பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடுவாரோ என்ற பயம் ஒன்றைத் தவிர. முதல் பஸ். உறை போட்ட கம்பை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்துக்கொண்டு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஊர் எல்லை தாண்டுவதற்குள் ஃபோன் வந்துவிட்டது. புழு டப்பா எந்த அடுக்கில் என்று அண்ணன் கேட்டார். சொன்னார்.

"அதை அணைச்சு வைங்களேன்" என்றேன்.

"பாவம், தனியா இருக்கார் அக்கா. தோள் வேற வலி."

பஸ் திரும்புகிற இடத்தில் ஏரி தெரிந்தது. பெரிய தண்ணீர். சின்னவர் எழுந்து நின்றுவிட்டார். நடத்துனர் உட்காரச் சொன்னார், அவர் காதில் விழவில்லை.

இறங்கி நாலு எட்டு வைத்திருப்போம். "சின்னவர் வந்துட்டார்டா" என்று கரையில் ஒரு சத்தம். எல்லாம் அவரிடம் வாங்கினவர்கள். எல்லோருக்கும் சந்தோஷம், உண்மையான சந்தோஷம். ஒருவர் நரம்பு சிக்கலாகிக் குருவிக்கூடு மாதிரி கிடந்தது. "கொஞ்சம் பாருங்க சின்னவரே." உட்கார்ந்து பிரித்தார். இன்னொருவர் ரீல் கரகரத்தது. பையிலிருந்து எண்ணெய்ப் புட்டி எடுத்தார். எண்ணெய்ப் புட்டியை ஏன் கொண்டுவந்தார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாவது ஆளுக்கு எந்த இரை என்று கேள்வி. நாலாவது ஆளுக்கு முள் கட்டத் தெரியவில்லை. ஒவ்வொருவரும் ஒரு நிமிஷம்தான் கேட்டார்கள். வெயில் ஏறியது. கறுப்புக் கம்பு உறை கூடப் பிரிக்காமல் என் மடியில் கிடந்தது. இடையிடையே அண்ணன் ஃபோன்.

கடையிலிருந்து இவ்வளவு தூரம் வந்தும் கடை எங்களுக்கு முன்பே அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. யாரும் அவரைக் கட்டிப்போடவில்லை. அவர் எழுந்து போனால் யாரும் தப்பாக நினைக்கப்போவதில்லை. அவர் எழுந்திருக்கவில்லை.

சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது இன்னொருவர் ரீலோடு வந்தார். நான் எழுந்தேன்.

"இன்னைக்குக் கடை லீவு. உங்க ரீல் நாளைக்கும் கரகரக்கும், நாளைக்குக் கொண்டு வாங்க."

"அக்கா, விடுங்க, ஒரு நிமிஷம்தான்" என்று சின்னவர் கையை நீட்டினார். நான் அந்தக் கையிலேயே கறுப்புக் கம்பை வைத்தேன். வந்தவர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

வடக்குப் பக்கம் ஆள் இல்லை. கரையைச் சுற்றி நடந்து போனோம். அவர் சொன்ன மரம் அங்கே இருந்தது, அல்லி இருந்தது. இலைகளுக்கு நடுவே ஒரு முறத்தளவுக்குக் கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. சின்னவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து தவளையை எடுத்துக் கட்டினார். ஆயிரம் பேருக்குக் கட்டிக் கொடுத்த விரல்கள் முடிச்சை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டின. பிறகு வீசினார்.

பின் சந்தில் ஒரு வாளியை வைத்து வீசிப் பழகுகிறவர் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இப்படி வீசுவார் என்று நினைக்கவில்லை. தவளை அந்தக் கறுப்புத் தண்ணீரின் நடுவிலேயே பொத்தென்று விழுந்தது. கொஞ்சம் விட்டார். நுனியைச் சொடுக்கினார். தவளை தத்தியது. மறுபடி விட்டார், மறுபடி சொடுக்கினார்.

தண்ணீர் வெடித்தது. தவளையைக் காணோம்.

அவர் உடனே இழுக்கவில்லை. ஒரு மூச்சு பொறுத்தார், எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பதைப் போலவே. அப்புறம் கம்பை மேலே தூக்கினார். விறைப்பான அந்தக் கம்பு வில்லாக வளைந்தது.

அவர் முகத்தை நான் எப்படிச் சொல்வேன். பயந்த முகம் அது. கூடவே சிரிக்கிற முகம். "இழுக்குது அக்கா" என்றார். "அக்கா, இழுக்குது. இப்படியா இழுக்கும்." சுற்றினார், சுற்றிக்கொண்டே இருந்தார். மீன் இலைகளுக்குள் தலையைக் கொடுத்து முட்டியது, அவர் விடவில்லை. கரை பக்கமாக வர ஆரம்பித்துவிட்டது. கறுப்பு முதுகு ஒரு தடவை தெரிந்தது, என் முழங்கை நீளம் இருக்கும். எனக்கு ஏனோ அழுகை வந்தது.

அப்போது அவர் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது.

முதல் மணிதான் அடித்திருக்கும். அவர் கை ரீலின் கைப்பிடியை விட்டது. யோசித்து விட்டதாகச் சொல்ல மாட்டேன். தூசி விழுந்தால் கண் மூடுகிற மாதிரி விட்டது. ஃபோனை எடுத்துக் காதில் வைத்தார்.

"சொல்லுங்கண்ணா."

"ஃபோனைக் கீழ போடுங்க" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்து, ஒரு நிமிஷம் என்று தலையை அசைத்தார்.

"பச்சைப் புழுவா? இடது பக்கம் கீழ் அடுக்குலண்ணா. பெரிய பெட்டிக்குப் பின்னால. ஆமா, மூடி போட்டது. இல்லண்ணா, அது கத்தரிப்பூக் கலர், பச்சை அதுக்குக் கீழ. கிடைச்சுதா? சரிண்ணா. தோளைத் தூக்காதீங்கண்ணா."

கம்பு நிமிர்ந்துவிட்டது. நரம்பு தண்ணீரின் மேல் வளைந்து வளைந்து கிடந்தது. அவர் ஃபோனைப் பையில் போட்டுவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். ரப்பர் தவளை ஒரு அல்லி இலையை இழுத்துக்கொண்டு காலருகே வந்து சேர்ந்தது. அதன் பின்னங்கால் ஒன்று இல்லை.

"ஏன் எடுத்தீங்க?" என்றேன். "இத்தனை வருஷம் காத்துக்கிட்டு இருந்தீங்களே. ஏன் எடுத்தீங்க?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் குழப்பம்தான் இருந்தது. வேறு எப்படிச் செய்ய முடியும் என்று என்னையே திருப்பிக் கேட்கிற மாதிரி.

"அண்ணன் கூப்பிட்டாரே" என்றார்.

அதற்குப் பிறகு பஸ் நேரம் வரைக்கும் வீசினார். தவளை, தகடு, குஞ்சு மீன் எல்லாம் போட்டுப் பார்த்தார். எதுவும் தொடவில்லை. திரும்பும்போது ஏரி மறைகிற வரைக்கும் ஜன்னலில் பார்த்துக்கொண்டு வந்தார். உள்ளங்கையை விரித்து, மூடி, மறுபடி விரித்தார். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

கடையில் பெரியவர் வாசலுக்கே வந்துவிட்டார். பச்சைப் புழுப் பெட்டி, கத்தரிப்பூப் புழுப் பெட்டி எல்லாம் தரையில் பரவிக் கிடந்தன.

"என்னடா, மாட்டுச்சா?"

"இல்லண்ணா."

"விடு, மீன் எங்க போயிடப்போவுது. இங்க எல்லாரும் உன்னைத்தாண்டா கேட்டாங்க. ஒருத்தர்கூட என் பேச்சை நம்பலை. நான் ஓடிக் காட்டணுமாம், இந்தத் தோளை வச்சுக்கிட்டு எங்க ஓடறது." நல்ல கையால் தம்பியின் தலையைத் தடவினார். "நீ இல்லாம ஒரு நாள்கூட முடியலைடா எனக்கு."

அவர் கண் கலங்கியிருந்தது. பொய்யில்லை. நடந்ததைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். சின்னவர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று மெதுவாகத் தலையை ஆட்டினார். அப்புறம் குனிந்து பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தார். நான் என் கடைக்குள் போய், திறக்க வேண்டிய அவசியமே இல்லாத நாளில், விளக்கைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்னவர் கடையில் இருந்தார். தோள் வலித்தாலும் பெரியவர் கரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாமே என்று நண்பர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. பிறகு தோள் சரியாகிவிட்டது.

போன வாரம் மத்தியானம், முதல் முதலாகத் தூண்டில் வாங்குகிற ஒருவர் வந்தார். சின்னவர் கை குலுக்கினார். கேள்வி கேட்டார். கம்பும் ரீலும் எடுத்துக் கொடுத்து, நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு விரால் மாதிரி பாய்ந்து மேஜைக்கு அடியில் போனார். வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. ஆனால் மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்ததும் சின்னவர் இதுவரைக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"இன்னொண்ணு. தண்ணிக்குப் போறப்ப ஃபோனை வீட்டுல வச்சிட்டுப் போங்க."

"அவசரம் ஏதாவதுன்னா?"

"இருக்கட்டும். மீன் இழுக்கறப்ப யார் கூப்பிட்டாலும் எடுக்காதீங்க."

"என் பொண்டாட்டி கூப்பிட்டாக்கூடவா?"

"யாரா இருந்தாலும். அவங்க அப்புறமும் கூப்பிடுவாங்க. அது கூப்பிடாது."

அவர் குரலில் அப்படி ஒரு கெஞ்சலை நான் கேட்டதே இல்லை. வந்தவரும் சிரிப்பை நிறுத்திவிட்டார். பலகை இடுக்கு வழியாக எனக்கு இரண்டு பேருடைய தோளும் தெரிந்தது.

மாடிப்படியில் பெரியவர் குரல் கேட்டது. "சின்னவனே, கொஞ்சம் மேல வந்துட்டுப் போடா."

"தோ, வந்துட்டேண்ணா" என்றார் சின்னவர். கையில் சுற்றியிருந்த நரம்பை அவிழ்த்து வந்தவர் கையில் கொடுத்துவிட்டு, மாடிக்கு ஓடினார்.